மூன்றாம் மாடியில் கிணற்றடித் தோட்டம்

1981-ஆம் வருஷம் தை மாதம் பதினோராம் தேதி, பகல் பதினோரு மணிக்கு, ராக்குவின் கண் முன்னாலேயே செடியிலிருந்து ஒரு கத்தரிக்காய் காணாமல் போனது. கீழே விழவில்லை, யாரும் பறிக்கவில்லை, ஆடு மாடு வாய் வைக்கவில்லை. காம்பு முறியும் சத்தம் கேட்டது, கிளை ஒருமுறை மேலே துள்ளி அடங்கியது, காய் இல்லை. அன்று அபிராமம் சந்தையில் கத்தரிக்காய் கிலோ ஒன்றேகால் ரூபாய். ராக்கு களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் செடியைச் சுற்றி வந்தாள். வேலிக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கிணற்றுக்குள்ளும் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் திரளட்டும் என்று நாலு நாளாக ஆசையாய் விட்டு வைத்திருந்த காய் அது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். ராக்குவுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தன்னுடையதை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு எப்போதும் அதிக நேரம் பிடிப்பதில்லை.

ஆறு நாள் கழித்து மெட்ராஸிலிருந்து இன்லண்ட் கடிதம் வந்தது. எழுதியவள் அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் உக்கிரபாண்டியின் மனைவி உமையாள். நலம், நலமறிய ஆவல் எல்லாம் முடிந்த பிறகு இப்படி இருந்தது: “அக்கா, போன சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு நம் மொட்டை மாடியில் முதல் கத்தரிக்காய் பறித்தேன். நான் விதை போடவே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த அய்யனார் மண்ணில் தானாக முளைத்தது. உங்கள் கிணற்றடித் தோட்டத்துக் காய் மாதிரியே வரி வரியாக இருந்தது. சாமி கொடுத்தது என்று கும்பிட்டு எடுத்துக்கொண்டேன்.” ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்த ராக்கு, அதை எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தாள். பிறகு அடுப்பில் போட்டாள். காய் எங்கே போனது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கினாலும் அதை யாரிடமும் வாய் திறந்து சொல்ல முடியாது என்பதும் சேர்ந்தே விளங்கியது.

அபிராமத்துக்குத் தெற்கே இரண்டு மைலில் ஓடைக்குளம். அங்கே வீரபத்திரனுக்கு வாழ்க்கைப்பட்டு ராக்கு வந்தது 1970-இல். நாலு வருஷம் மாமியார் அவள் குழம்பில் உப்புக் கூட என்றோ புளி தூக்கல் என்றோ சொல்லிக்கொண்டிருந்தாள். 1974 ஆவணியில் பரமக்குடியிலிருந்து உமையாளை உக்கிரபாண்டிக்குக் கட்டிக் கூட்டி வந்தார்கள். பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவள், தையல் மிஷினோடு வந்தவள். அவள் வைத்த முதல் ரசத்துக்கே மாமியார், “இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து ஆத்தா” என்றாள். அந்த ரெண்டு கரண்டி ராக்குவின் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது. பிற்பாடு மாமியார் செத்தபோதும் அழுகைக்கு நடுவே அவளுக்கு அதுதான் ஞாபகம் வந்தது. உமையாளுக்கு மேலாக அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி, யாருக்கும் வேண்டாமல் கிடந்த எட்டு சென்ட் கரடு. கல் பொறுக்கி, எருவடித்து, மூன்று வருஷத்தில் அதைத் தோட்டமாக்கியிருந்தாள். கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல், அவரை எல்லாம் அங்கே வந்தன. வயல் வீரபத்திரனுடையது, வீடு மாமியாருடையது, கிணற்றடித் தோட்டம் மட்டும் ராக்குவுடையது. ஊரில் அதை அப்படித்தான் சொன்னார்கள், அதைக் கேட்பதற்காகவே அவள் சில சமயம் அந்தப் பேச்சை எடுப்பாள்.

1978-இல் உக்கிரபாண்டிக்கு மெட்ராஸ் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. வெளியூருக்குக் குடிபோகிறவர்கள் குலசாமி கோயிலில் பூக்கேட்டு, உத்தரவு வாங்கி, பிடிமண் எடுத்துப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். பூசாரி ஒரு பிடி மண் அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து கொடுப்பார். அந்த மண்ணை எங்கே இறக்கி வைக்கிறார்களோ அங்கே சாமியும் இருக்கும். ஓடைக்கரை அய்யனாரும் அப்படியே உத்தரவு கொடுத்துவிட்டார். முடிச்சு ஒரு ராத்திரி வீட்டில் இருந்தது. ராக்கு அதையே பார்த்தாள். ரசத்தில் பேரைக் கொண்டுபோனாள், மாமியார் மனசைக் கொண்டுபோனாள், இப்போது சாமியையும் கொண்டுபோகிறாளே என்று நினைத்தாள். அய்யனாருக்கு மெட்ராஸ் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கவலையும் வந்தது. விடிந்ததும் முதல் வேலையாக முடிச்சை அவிழ்த்து, கோயில் மண்ணை எடுத்துப்போய் அய்யனார் காலடியிலேயே கொட்டிவிட்டு, அதே துணியில் தன் தோட்டத்து மண் ஒரு பிடியை அள்ளி முடிந்து வைத்தாள். குதிரையில் உட்கார்ந்திருந்த அய்யனார் ஒன்றும் சொல்லவில்லை. உமையாள் அந்த முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரயில் ஏறினாள்.

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய மூன்று மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் அவர்கள் குடியிருந்தார்கள். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்ததால் மொட்டை மாடியை யாரும் கேட்கவில்லை. அறுபத்தெட்டுப் படி ஏறிப்போய், செங்கல் வைத்துத் தொட்டி கட்டி, செம்மண் நிரப்பி, நடுவில் பிடிமண்ணை வைத்து உமையாள் விளக்கேற்றினாள். மூன்றாம் வருஷம் அங்கே கத்தரி முளைத்தது, பின்னாலேயே வெண்டையும் மிளகாயும் பாகலும் வந்தன. ஓடைக்குளத்தில் ராக்கு எதை ஊன்றினாளோ அது மெட்ராஸில் அதே நாளில் முளைத்தது. எட்டு சென்ட் தோட்டம் ஒரு மொட்டை மாடிக்குள் எப்படி அடங்கும் என்றால், அடங்கியது என்பதுதான் தகவல். செடி ஒன்றுதான், நின்ற இடம்தான் இரண்டு. உமையாள் பறித்தால் ராக்குவுக்கு இல்லை, ராக்கு பறித்தால் உமையாளுக்கு இல்லை. அடுத்த கடிதத்தில் உமையாள், “நல்ல காயாகப் பார்த்து ஏதோ ஒரு அணில் நான் மாடி ஏறுமுன்னே கொண்டுபோய்விடுகிறது” என்று எழுதியிருந்தாள். தன் தோட்டத்தில் தான் காய் பறிக்கப்போய் அணிலாகிவிட்டதை நினைத்து ராக்கு அன்று சோறு சாப்பிடவில்லை.

வீரபத்திரனிடம் சொல்லலாம் என்றால், மண்ணை மாற்றியதை முதலில் சொல்ல வேண்டும். சாமி விஷயத்தில் கை வைத்தவள் என்ற பேர் வந்தால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அதனால் அவள் வாயை மூடிக்கொண்டு கையைத் தீட்டினாள். உமையாள் பதினோரு மணிக்குப் பறித்தால் இவள் ஏழு மணிக்குப் பறித்தாள். உமையாள் ஏழுக்கு வந்தால் இவள் ஆறுக்குப் போனாள். கடைசியில் இரண்டு பேரும் பிஞ்சையெல்லாம் பறித்துத் தின்று அந்த வருஷம் ஒரு காய்கூட முற்றவில்லை. 1982-இல் திருப்பாலைக்குடியிலிருந்து கருவாடு கொண்டுவரும் நூர் நிஷாவிடம், கெட்டுப்போன சாளை மீன் இருந்தால் உரத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். நூர் நிஷா ஒரு கூடை கொண்டுவந்து இறக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏம்புள்ள, இம்புட்டும் இந்தத் துண்டு நெலத்துக்கா? சோத்துல கை வைக்க மாட்டீக” என்றாள். ராக்கு முழுக்கூடையையும் புதைத்தாள். அந்த மாதம் திருவல்லிக்கேணியில் அக்கம்பக்கத்துச் சைவக்காரர்கள் மூன்று தரம் படியேறி வந்து சண்டை போட்டதாக உக்கிரபாண்டி எழுதினான். ராக்கு அந்தக் கடிதத்தை மட்டும் அடுப்பில் போடாமல் பத்திரப்படுத்தினாள். ஆனால் மீன் உரத்தில் கத்தரி தலையணை மாதிரி காய்த்தது, அதில் பாதி மெட்ராஸுக்குப் போனது.

1983-இல் மழை இல்லை. கண்மாய் வெடித்தது, ஊர்க்கிணறுகள் எல்லாம் தரை தட்டின. ராக்குவின் கிணற்றிலும் குடிக்கத்தான் தண்ணீர் இருந்தது. ஆனால் கிணற்றடித் தோட்டம் மட்டும் தினம் காலை ஏழு மணிக்கு நனைந்தது. மேலிருந்து பெய்யவில்லை, கீழிருந்து ஊறவில்லை. செடிகளின் தூரில் வாளி சாய்த்ததுபோல் மண் கறுத்துப் பாத்தி நிறைந்தது. ஊரே வந்து பார்த்தது. கைராசிக்காரி என்று ராக்குவுக்குப் பேர் வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து விதையைக் கொண்டுவந்து, தொட்டுக் கொடுக்கச் சொல்லி நின்றார்கள். மாமியார் உயிரோடு இருந்திருந்தால் அவள்கூட ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். நூர் நிஷா மட்டும் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி மோந்து பார்த்து, “அரிசி கழுவுன தண்ணி வாடை அடிக்குது புள்ள. அல்லாவோட கிருபை இப்பிடிப் புளிச்ச வாடையாவா வரும்?” என்றாள். “சும்மா கெட” என்று ராக்கு சொல்லிவிட்டாள். மண்ணைக் கிளறும்போது கறுப்பாக ஒரு பொடி, காபித்தூள் சக்கை மாதிரி தென்பட்டது. சாம்பலாக இருக்கும் என்று மூடினாள். மெட்ராஸிலும் தண்ணீர்க் கஷ்டம், லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிறோம் என்று உமையாள் எழுதியிருந்தாள். நல்லா ஓடட்டும் என்று ராக்கு நினைத்தாள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போனவிதம் இப்படி. கத்தரிக்காய் வாங்குவதை நிறுத்திய உமையாள், பிறகு எந்தக் காயும் வாங்குவதை நிறுத்தினாள். தோலும் காம்பும் மாடி மண்ணுக்கே போனதால் வீட்டில் குப்பைக் கூடை சும்மா இருந்தது. அதைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்து தைத்தாள். மளிகைக் கடைக்குத் துணிப்பை, எண்ணெய்க்குத் தூக்குவாளி என்று கொண்டுபோனாள். பாலிதீன் பை கொடுத்த கடைக்காரரிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையில் வெல்லம் வாங்கி வந்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூடச் சாக்கடைக்கு விடுவதில்லை. அவ்வளவு பெரிய ஊரில் இப்படி ஒருத்தியா என்று ஆள்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் தெருக்காரர்கள், பிறகு கல்லூரிப் பிள்ளைகள், பிறகு ஒரு வாரப் பத்திரிகைக்காரர். 1998-இல் ஒரு மாதர் சங்கம் கேடயம் கொடுத்தது. அவர்கள் எல்லோருக்கும் அவள் மாடியில் பறித்த வெண்டைக்காயைப் பச்சையாகவே கொடுத்தாள். அவர்கள் கடித்துப் பார்த்து, ஊர் ருசி என்றார்கள். ஊர் ருசிதான். அதற்கு இங்கே ராக்கு குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தாள். மெட்ராஸில் ஒரு குடும்பம் மண்ணோடு மண்ணாக வாழ்ந்து பேர் வாங்குவதற்கு ஓடைக்குளத்தில் ஒருத்திக்கு இடுப்பு போனது.

2002 புரட்டாசியில் உமையாள் டி.வி.யில் வந்தாள். பஞ்சாயத்து டி.வி. முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. உமையாள் நல்ல சுங்குடிச் சேலை கட்டி, கையில் ஒரு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு, கடையில் கத்தரிக்காய் வாங்கி இருபத்தோரு வருஷம் ஆகிவிட்டது, நம் கண் பார்க்க விளையாதது நம் வாய்க்குள் போகக் கூடாது என்று நிதானமாகச் சொன்னாள். அந்தக் காயின் இடது பக்கம் ஒரு பூச்சித்துளை இருந்தது. ராக்கு அந்தத் துளையைப் போன மாதமே பார்த்தவள். சாம்பல் தூவி, காயை இலைக்குள் மறைத்து, எட்டு நாள் காப்பாற்றி வைத்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள், “ஒங் கொழுந்தன் பொண்டாட்டிக்கி வந்த வாழ்வப் பாரு” என்றார்கள். ராக்குவின் வயிற்றில் பற்றிய நெருப்பை அப்படியே எடுத்து வைத்தால் நாலு அடுப்பு எரிந்திருக்கும். யாரும் பார்க்காமல் அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அவள் தோட்டத்தில் இருந்ததையெல்லாம் வேரோடு பிடுங்கினாள். பிறகு ஊர் ஆடுகள் அத்தனையையும் ஒரு மாதம் அங்கே கிடை போட விட்டாள். ஆடு தின்ற கருவேல நெற்றின் விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கும் என்று ராமநாதபுரம் சீமையில் தெரியாதவர்கள் இல்லை. சீமைக்கருவேலம் ஒரு விரல்கடை முளைத்தாலே பிடுங்கி எறிகிற ராக்கு, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். வீரபத்திரனுக்குத் தாங்கவில்லை. “ஏத்தா, பொன்னு மாதிரி இருந்த எடத்த ஏன் இப்பிடிப் போட்டுட்ட?” என்று கேட்டான்.

“கெடந்துட்டுப் போகுது. எனக்கு இடுப்பு முடியல.”

“அப்ப காய்க்கி எங்கன போறது?”

“அபிராமத்துல கடை இல்லையாக்கும்?” என்றாள் ராக்கு.

அப்படித்தான் அவள் வாழ்நாளில் முதல்முறையாகக் கடைக்காய் வாங்கினாள். எந்த ஊரிலோ விளைந்து லாரி ஏறி வந்த கத்தரிக்காயைப் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். வேகவே இல்லை, வெந்தபோது ருசியும் இல்லை. ஒவ்வொரு வாயும் கசந்தது. ஆனால் அதே நேரத்தில் மூன்றாம் மாடியில் முள் ஏறிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டாள். கருவேலம் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் வளர்ந்தது. 2003, 2004 இரண்டு வருஷமும் பஞ்சம்தான். அப்போதும் காலை ஏழு மணிக்கு அதன் தூர் நனைந்தது. மரங்கள் ஆள் உயரம் தாண்டி, கிணற்றைக் குடித்துத் தீர்த்தன. தோட்டமும் போய், கிணறும் போய், கைராசிக்காரி என்ற பேரும் போனது. தலை நரைத்துப்போன நூர் நிஷா வேலிக்கு வெளியே நின்று, “ஒங் கையால நீயே கெடுத்துக்கிட்டியே புள்ள” என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைக் கொடுக்காமலே போனாள்.

2006 மாசியில் உக்கிரபாண்டி பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தான். “மதினி, மாடி பூராக் கருவேலமரம். கூரை விரிசல் விட்டுருச்சு. வீட்டுக்காரரு மகன் வந்து, மரத்த வெட்டுறீகளா வீட்டக் காலி பண்ணுறீகளான்னு கேக்குறான். இவ அருவாளத் தொட விடமாட்டேங்குறா. நீங்க வந்து சொன்னாக் கேப்பா.” ராக்கு மதுரைக்குப் போய் ரயில் ஏறினாள். சமாதானம் சொல்லப் போகிறேன் என்று ஊரில் சொன்னாள். கண் குளிரப் பார்த்துவிட்டு வருவதற்குத்தான் போனாள்.

போனவளுக்குக் கண் குளிரத்தான் செய்தது. உமையாள் இளைத்திருந்தாள், முழங்கை வரை முள் கீறிய தழும்பு. கேடயத்தில் தூசி படிந்திருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் கத்தரிக்காய் வேகாமல் கிடந்ததைக் கண்டதுமே ராக்குவுக்குத் தெரிந்துவிட்டது, அது கடைக்காய். ஊரறிய வாங்க முடியாமல் உமையாள் கோயம்பேடு வரை பஸ்ஸில் போய் வாங்கி, தையல் துணிகளுக்குள் ஒளித்துக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பாலிதீன் பை, அபிராமத்தில் கொடுக்கிற அதே தினுசு. அதைப் பார்த்த ராக்கு அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்து ஏழு மணிக்கு உமையாள் இரண்டு கையிலும் வாளியோடு படி ஏறினாள். ராக்குவும் பின்னால் ஏறினாள். நாற்பதாம் படியில் இரண்டு பேரும் நின்று மூச்சு வாங்கினார்கள். மாடியில் கால் வைக்க இடமில்லாமல் கருவேலம் நின்றது. எந்த மரம் எங்கே வளைந்திருக்கும் என்று ராக்குவுக்குத் தெரிந்திருந்தது. உமையாள் முட்களுக்குள் கையை விட்டு, ஒவ்வொரு தூருக்கும் குனிந்து குனிந்து ஊற்றினாள். அரிசி கழுவிய தண்ணீர். புளிச்ச வாடை எழுந்து வந்தது. அந்த வாடையில் ராக்குவுக்கு 1983 முழுவதும் ஒரே மூச்சில் ஞாபகம் வந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“உமையா, அது அய்யனார் மண்ணு இல்லடி. என் தோட்டத்து மண்ணு. நாந்தான் மாத்தி வச்சேன்.”

உமையாள் வாளியைக் கவிழ்த்து மிச்சத்தையும் வேரில் விட்டாள். “தெரியும்க்கா.”

“எப்பத்துலருந்து?”

“மீன் நாத்தம் வந்துச்சுல்ல, அன்னையிலருந்து. மண்ணக் கிளறுனா சாளை முள்ளு. எந்தச் சாமி சாளைய உரமாப் போடும்க்கா?”

“தெரிஞ்சும் ஏண்டி ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா மண்ணத் திருப்பிக் கேப்பீகளோன்னு பயம். சும்மா பறிக்கவும் மனசு வரல. அதான் தண்ணி ஊத்துனேன். எம்பத்தி மூணுல ஒரு குடத்துக்கு நாலு மணி நேரம் நின்னேன். குளிக்காம இருந்துருக்கேன், ஊத்தாம இருந்ததில்ல.”

ராக்குவுக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, பொறாமைதான். உலகத்தில் தன்னுடையது என்று அவள் வைத்திருந்த ஒரே பேர், கைராசிக்காரி என்கிற பேர், அதுவும் இவளுடையதாகிவிட்டது. வெட்கம் அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. “இந்த முள்ள ஏண்டி வெட்டாம வச்சிருக்க?” என்று கேட்டாள்.

“இங்கன வெட்டுனா அங்கனயும் போயிருமே. கரிமூட்டம் போடத்தான் வளக்குறீகன்னு நெனச்சேன். ஒங்களுக்கு அதுல ஒரு வருமானம் வருதுன்னா நான் கெடுக்கலாமா?”

ராக்கு காலி வாளிகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்று போட்டாள். பிறகு, “ஒன்ன வயிறெரிஞ்சு வளத்தேன்டி, வேற ஒண்ணுமில்ல” என்றாள்.

“நான் மட்டும் எரியலையாக்கும்?” என்றாள் உமையாள். “ஒங்களுக்கு என்னக்கா, கிணத்தடியில நிக்கிறீக, கைய நீட்டுனா தண்ணி, குனிஞ்சா மண்ணு. நான் இந்த அறுபத்தெட்டுப் படியும் ஏறும்போதெல்லாம் ஒங்கள நெனச்சுப் பொசுங்கியிருக்கேன். டி.வி.யில பேசுனப்பக்கூட, இத அக்கா பாப்பாளா பாப்பாளான்னுதான் இருந்துச்சு.”

முப்பத்திரண்டு வருஷத்தில் ராக்குவிடம் யாரும் இவ்வளவு நல்ல சேதி சொன்னதில்லை. அவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள், அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். உமையாள் இன்னொரு தரமும் சொன்னாள்.

ஊர் திரும்பியதும் ராக்கு மண் மாற்றிய கதையை வீரபத்திரனிடம் சொன்னாள், மறுநாளே வேலை ஆரம்பித்தது. மொத்தம் நாற்பத்தொரு மரம். காலையில் உமையாள் மெட்ராஸில் வெட்டினாள், சாயங்காலம் ராக்கு ஓடைக்குளத்தில் வெட்டினாள். ஆள் இல்லாத தோட்டத்தில் மரங்கள் கொத்துப்பட்டு ஆடி மறைவதை முதல் நாள் ஊர் வந்து பார்த்தது, மூன்றாம் நாள் வரவில்லை. ஆடு மேய்க்க வருகிறவர்களிடம் வீரபத்திரன், “அந்தப் பக்கம் போகாதீக, எங்க உமையா வெட்டிக்கிட்டு இருக்கா” என்று சொல்லித் திருப்பி அனுப்பினான். யார் வெட்டுகிறாளோ மரம் அவளுக்கு. ராக்கு தன் பங்கைக் கரிமூட்டம் போட்டு அடுப்புக்கரியாக விற்றாள், உமையாள் தன் பங்கைத் தெருமுனை இஸ்திரிக்காரருக்குக் கொடுத்தாள். உமையாள் வெட்டிய அடிக்கட்டைகள் எல்லாம் சீராக, ஒரே உயரத்தில் இருந்தன. இதையும் என்னைவிட நன்றாகச் செய்கிறாளே என்று ராக்குவுக்கு எரிந்தது. மறுநாளிலிருந்து அவளும் நூல் பிடித்து வெட்டினாள். வேர் தோண்ட ஒரு வருஷம் ஆனது. அதற்கடுத்த மழையில் கிணறு ஊறியது, கத்தரி ஊன்றினாள். வேலி ஓரம் இரண்டு பாத்தி உமையாளுக்கு, கிணற்று ஓரம் மூன்று பாத்தி ராக்குவுக்கு என்று போனில் பேசி முடிவானது. இரண்டு பேருமே அடுத்தவள் பாத்தி கொஞ்சம் பெரிது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்தது.

2009 ஐப்பசியில் ஒருநாள் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வரவில்லை. ராக்கு எட்டு மணி வரை வேலி ஓரம் நின்றாள். மத்தியானம் உக்கிரபாண்டி போன் செய்து, உமையாளுக்கு மூட்டுக் காய்ச்சல், கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை என்றான். ராக்கு, “சரி, பாத்துக்கங்க” என்று வைத்துவிட்டாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறைத்து, தன் பாத்திக்கும் அவள் பாத்திக்கும் ஊற்றினாள். மூட்டு வலிக்கு நல்லது என்று முன்பே வேலியில் முடக்கத்தான் கொடியை ஏற்றி விட்டிருந்தாள், யாருக்காக என்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அதில் ஒரு கை காணாமல் போயிருந்தது. கொழுந்தைக் கிள்ளாமல் கொடியோடு பிய்த்திருந்த விதத்தைப் பார்த்து, இது உக்கிரபாண்டி கை என்று கண்டுபிடித்து அவனை வைதாள்.

உமையாளின் பாத்தியில் ஒரு கத்தரிக்காய் பறிக்கும் பதத்தைத் தாண்டி நின்றது. நாலாம் நாள் தோல் மங்கியது. ஆறாம் நாள் அடியில் மஞ்சள் தட்டியது. ராக்குவே பறித்திருக்கலாம், கை நீட்டும் தூரம்தான். நீட்டவில்லை. அடுத்தவள் காய் முற்றிப்போவது இத்தனை கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “பறிடி” என்றாள். “எந்திரிச்சு வந்து பறிடி, எடுபட்டவளே.”

பகல் பதினோரு மணிக்குக் காம்பு முறியும் சத்தம் கேட்டது. முற்றிய காய் அப்படியேதான் இருந்தது. மறைந்தது கிணற்று ஓரத்தில், ராக்குவின் பாத்தியில், நாளைக்குப் பறிக்கலாம் என்று அவள் இலைக்குள் மறைத்து வைத்திருந்த பிஞ்சுப் பதத்துக் காய். கிளை ஒருமுறை மேலே துள்ளி அடங்கியது. ராக்கு எழுந்துபோய் அந்த வெறுங்காம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முற்றிய காயைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டு, “நல்லதாப் பாத்துத்தான் எடுத்துருக்கா” என்று வீரபத்திரனிடம் சொல்லிவிட்டு, உலை வைக்கப் போனாள்.